'மெட்ராஸ்' என்று தைத்த பேட்ஜ்: நம்மூர்ச் சாரணர் கவுன்சில்களின் வரலாறு எங்கே கிடக்கிறது?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு துணி பேட்ஜ், அதில் 'மெட்ராஸ்' என்று தைத்திருக்கிறது. கூடவே ஒரு முகாம் சான்றிதழ், ஆண்டு இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது. அமெரிக்காவில் எந்த ஊர்ச் சாரணர் கவுன்சில் எப்போது ஆரம்பித்தது, பிறகு எதோடு சேர்ந்தது, எந்த ஏரிக்கரையில் முகாம் வைத்திருந்தது என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள், நம்மூருக்கு ஏன் அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் பேட்ஜின் வயதைக் கேட்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் மெட்ராஸுக்கென்று ஒரு கவுன்சில் இருந்ததா, அதற்குச் சொந்தமாக முகாம் இடம் இருந்ததா, தாத்தா படுத்த கூடாரம் எந்த மண்ணில் நின்றது என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ளப் பார்க்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. வடசென்னையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியார், கூடவே 28 வருடம் சாரண ஆசிரியர். பச்மரியில் போய், சாரண ஆசிரியர்களுக்கான உயர் பயிற்சியான ஹிமாலயா உட் பேட்ஜ் முடித்தவன். வரலாற்று ஆய்வாளன் கிடையாது. ஆகவே கீழே வருவதில் பாதி, படித்தும் பெரியவர்கள் சொல்லக் கேட்டும் சரிபார்த்துக்கொண்டது, மீதி கூடாரக் கயிறு இழுத்துத் தெரிந்துகொண்டது.

முதலில் அந்த அமெரிக்க ஒப்பீட்டை முடித்துவிடுவோம், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அங்கே 1910-ல் பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற தலைமை அமைப்பு தொடங்கியது. அதற்குக் கீழே ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு கவுன்சில். இந்தக் கவுன்சில் ஏதோ கமிட்டி மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். சட்டப்படி அது தனி நிறுவனம், சொந்தமாகப் பணம் திரட்டும், சம்பளத்துக்கு ஆள் வைக்கும், நிலம் வாங்கும். சிகாகோ கவுன்சில் 1910-களின் தொடக்கத்திலேயே மிச்சிகனில் ஒவாசிப்பே என்ற முகாமை ஆரம்பித்தது, இன்றைக்கும் நடக்கிறது. பிலடெல்பியா கவுன்சிலின் முகாம் டெலவேர் ஆற்றுக்கு நடுவே ஒரு தீவில் இருந்தது. அங்கே 1915 கோடையில் குட்மன், எட்சன் என்ற இரண்டு பேர் முகாமின் சிறந்த பையன்களுக்காக ஆரம்பித்த சங்கம்தான் பிறகு நாடு முழுக்கப் பரவிய 'ஆர்டர் ஆஃப் தி ஆரோ'. நியூ மெக்சிகோவில் இருக்கும் பில்மான்ட்டைக் கேட்டால் தலை சுற்றும்: எண்ணெய்க் கம்பெனி அதிபர் வெயிட் பிலிப்ஸ் 1938-லும் 1941-லும் இரண்டு தவணையாகக் கொடுத்த நிலம் ஒரு லட்சத்து இருபத்தேழாயிரம் ஏக்கருக்கு மேல். அது கவுன்சிலுடையது இல்லை, தலைமை அமைப்புடையது. இருந்தாலும் அங்கே முகாம் என்றால் என்ன அளவு என்று தெரிவதற்காகச் சொன்னேன்.

நிலம் இருந்தால் பத்திரம் இருக்கும். பத்திரம் இருந்தால் அதில் தேதி இருக்கும். இரண்டு கவுன்சில் இணைந்தால் யாருடைய முகாமை வைப்பது, யாருடையதை விற்பது என்று சண்டை வரும், சண்டை வந்தால் பத்திரிகையில் வரும். 2020 பிப்ரவரியில் தலைமை அமைப்பு, பாலியல் துன்புறுத்தல் வழக்குகளால் திவால் மனு கொடுத்தபோது 82,000 பேருக்கு மேல் இழப்பீடு கேட்டு வந்தார்கள், சுமார் 246 கோடி டாலர் அளவுக்கு ஏற்பாடு ஆனது. கவுன்சில்களும் பங்கு போட வேண்டியிருந்ததால், பல இடங்களில் ஐம்பது அறுபது வருட முகாம்கள் விலைக்கு வந்தன. சோகமான சேதிதான். ஆனால் அதனாலும் எக்கச்சக்கமான காகிதம் பதிவாகிவிட்டது. இதற்கு மேல், அங்கே கவுன்சில் பேட்ஜ் சேகரிப்பவர்கள் ஒரு தனிச் சாதி. நூல் நிறம் மாறினால்கூட எந்த வருடம் மாறியது என்று எழுதி வைப்பார்கள். நீங்கள் பார்த்த பட்டியல்களில் பெரும்பங்கு இந்த ஆட்களின் கைங்கரியம் என்பது என் ஊகம்.

இப்போது நம்மூர். இந்தியாவில் சாரணர் இயக்கத்தை அன்னி பெசன்ட்தான் முதலில் கொண்டுவந்தார் என்று பள்ளி விழாக்களில் மைக் பிடித்துச் சொல்வார்கள். நானே சொல்லியிருக்கிறேன், தப்பு. 1907 ஆகஸ்ட்டில் சாரணர் இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் இருபது சொச்சம் பையன்களை வைத்துச் சோதனை முகாம் நடத்தினார். இரண்டே வருடத்தில், 1909-ல், கேப்டன் பேக்கர் பெங்களூரு பிஷப் காட்டன் பள்ளியில் இந்தியாவின் முதல் அணியைத் தொடங்கிவிட்டார். அடுத்த ஓரிரு வருடத்தில் மெட்ராஸிலும் அணி வந்தது. ஆனால் இதெல்லாம் ஐரோப்பியப் பையன்களுக்கும் ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்கும் மட்டும். நம் பிள்ளைகளுக்கு வரைபடம் படிக்கவும் தடம் பார்க்கவும் கொடி அசைத்துச் சேதி அனுப்பவும் கற்றுக்கொடுத்தால் நாளைக்கு அதை யார் மேல் திருப்புவார்களோ என்று அரசாங்கத்துக்குப் பயம். பயந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை.

இந்த இடத்தில்தான் பெசன்ட் வருகிறார். அடையாறில் இருந்துகொண்டு, ஜார்ஜ் அருண்டேலோடு சேர்ந்து இந்தியப் பையன்களுக்கென்றே இந்தியன் பாய் ஸ்கவுட்ஸ் அசோசியேஷன் என்று தனி அமைப்பு தொடங்கினார். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை. தொடங்கிய ஆண்டு சில இடத்தில் 1916 என்றும் சில இடத்தில் 1917 என்றும் இருக்கும், நான் அதற்காகச் சண்டைக்குப் போக மாட்டேன். யோசிப்பதற்கும் பதிவதற்கும் நடுவில் ஒரு வருடம் ஓடுவது எந்தச் சங்கத்திலும் நடப்பதுதான். சண்டை போடும் அளவுக்கு நிச்சயமான தேதி வேறொன்று உண்டு: 1917 ஜூனில் ஹோம் ரூல் கிளர்ச்சிக்காக மெட்ராஸ் அரசாங்கம் பெசன்ட், அருண்டேல், வாடியா மூன்று பேரையும் காவலில் வைத்து ஊட்டிக்கு அனுப்பியது, செப்டம்பரில் விட்டார்கள். சாரணர் அமைப்பின் தலைவர்களே காவலில்! அந்த நேரத்தில் மெட்ராஸில் ஒரு பையன் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தால் அக்கம்பக்கத்தில் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வடக்கே அலகாபாத்தில் இதே சமயத்தில் மாளவியா, குன்சுரு, ஸ்ரீராம் பாஜ்பாய் சேர்ந்து சேவா சமிதி சாரணர் சங்கத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். ஆக அப்போது ஒரே நாட்டில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல சாரணர் சங்கங்கள்.

1921-ல் பேடன் பவல் வந்தார். மெட்ராஸுக்கும் வந்து பெசன்ட்டின் பையன்களைப் பார்த்தார், அந்தச் சங்கம் அவருடைய சங்கத்தோடு இணைந்தது, சேவா சமிதி சேரவில்லை. நீங்கள் தேடும் 'கவுன்சில்' என்ற ஏற்பாடு முறையாகக் கால் ஊன்றியது இதற்குப் பிறகுதான்: நாட்டுக்கு வைஸ்ராய் தலைமைச் சாரணர், மாகாணத்துக்கு ஆளுநர் தலைமைச் சாரணர், அவருக்குக் கீழே மாகாண அமைப்பு, அதற்குக் கீழே மாவட்டம், உள்ளூர்ச் சங்கம், கடைசியில் பள்ளியில் இருக்கும் அணி. மெட்ராஸில் அப்போது ஆளுநர் வெலிங்டன் பிரபு. மேலிருந்து கீழே வந்த அமைப்பு என்பதைக் கவனியுங்கள். சிகாகோவில் நாலு வியாபாரிகள் கூடிக் கவுன்சில் ஆரம்பித்து நிலம் வாங்கினார்கள். இங்கே கவர்னர் மாளிகையிலிருந்து கிளம்பி கலெக்டர், கல்வி அதிகாரி, ஹெட்மாஸ்டர் வழியாக வந்து சேர்ந்தது. நிலம் வாங்க வேண்டிய அவசியமே யாருக்கும் வரவில்லை, பள்ளி மைதானம்தான் இருக்கிறதே.

உங்கள் பேட்ஜில் 'மெட்ராஸ்' என்று இருப்பதை வைத்துத் தாத்தா சென்னைப் பையன் என்று முடிவு கட்டாதீர்கள். அது மாகாணத்தின் பெயராகவும் இருக்கலாம். அந்த மாகாணம் 1936 வரைக்கும் கஞ்சம் வரை, 1953 வரைக்கும் ஆந்திர ஜில்லாக்கள் வரை, 1956 வரைக்கும் மலபார் வரை நீண்டது. கோழிக்கோட்டுப் பையனும் விசாகப்பட்டினத்துப் பையனும் மெட்ராஸ் சாரணர்கள்தான். பிறகும் 1969 ஜனவரி வரை மாநிலத்தின் பெயரே மெட்ராஸ்தான், தமிழ்நாடு என்று மாறியது அப்போதுதான். தாத்தா கும்பகோணத்தில் படித்தவர் என்றாலும் இந்தப் பேட்ஜ் பொருந்தும்.

வயதைக் கண்டுபிடிக்கச் சின்னத்தைப் பாருங்கள், எழுத்தைவிட அது நம்பகமானது. இதற்குப் பின்னால் இருக்கும் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1937-ல் டெல்லியில் அகில இந்திய ஜாம்போரி, அதாவது சாரணர்களின் பெருங்கூட்ட முகாம், நடந்தது, பேடன் பவல் வந்திருந்தார். அதையொட்டி இந்தியர்களின் குணத்தைப் பற்றி அவர் சொன்னதாக வெளியான வார்த்தைகள் பெரிய கோபத்தைக் கிளப்பின. 1938-ல் ஹிந்துஸ்தான் ஸ்கவுட் அசோசியேஷன் உருவாயிற்று. சுதந்திரம் வந்த பிறகும் பேடன் பவலின் சங்கமும் இந்தச் சங்கமும் தனித்தனியாகவே ஓடிக்கொண்டிருந்தன. கல்வி அமைச்சர் மௌலானா ஆசாத் போன்றவர்கள் பேசிப் பேசி 1950 நவம்பர் 7-ல் இரண்டையும் சேர்த்து பாரத சாரணர் இயக்கம் ஆக்கினார்கள், 1951 ஆகஸ்ட் 15-ல் பெண்களுக்கான கைட்ஸ் சங்கமும் வந்து சேர்ந்தது. ஆகவே பேட்ஜில் வெறும் மூவிதழ் லில்லிப் பூ மட்டும், அதாவது ஈட்டி முனை மாதிரி இருக்கும் அந்தப் பூ மட்டும் இருந்தால் 1950-க்கு முந்தையது என்று கிட்டத்தட்ட நிச்சயமாகச் சொல்லலாம். அந்தப் பூவோடு சாரணியரின் மூவிலையும் நடுவில் அசோகச் சக்கரமும் இருந்தால் 1950-க்குப் பிந்தையது, இதில் சந்தேகமே இல்லை. கிட்டத்தட்ட என்று ஏன் சொன்னேன் என்றால், பள்ளி பீரோவில் பழைய பேட்ஜ் ஐம்பது இருந்தால் எந்த ஹெட்மாஸ்டர் தூக்கிப் போடுவார்? தீரும் வரை கொடுத்திருப்பார்கள். சான்றிதழில் 'கிங்ஸ் ஸ்கவுட்' என்றோ, உறுதிமொழியில் கடவுளுக்கும் அரசருக்கும் என்றோ இருந்தால் அது வெள்ளைக்காரன் காலம். ராஷ்டிரபதி என்று இருந்தால் குடியரசான பிறகு.

இப்போதைய அமைப்பிலும் ஒரு வேடிக்கை உண்டு, வெளியாட்களுக்கு இது புரியவே புரியாது. தமிழ்நாட்டுக்கு ஒரு மாநிலச் சங்கம் இருக்கிறது, சரி. ஆனால் ரயில்வேக்களும் கேந்திரிய வித்யாலயாக்களும் தனித்தனி 'மாநிலம்' என்ற கணக்கு. தெற்கு ரயில்வே ஒரு மாநிலம், அதன் கோட்டங்கள் மாவட்டம் மாதிரி. ஆகவே பெரம்பூரில் ஒரே தெருவில் இருக்கும் மூன்று பையன்கள், ஒருவன் மாநகராட்சிப் பள்ளி, ஒருவன் ரயில்வேக்காரர் மகன், ஒருவன் கேந்திரிய வித்யாலயா என்றால், மூன்று பேரும் மூன்று வேறு மாநிலங்களைச் சேர்ந்த சாரணர்கள். மூன்று பேரும் ஒரே தேசிய முகாமுக்குப் போய் மூன்று வெவ்வேறு வாசல் வழியாக உள்ளே போவார்கள். போதாததற்கு, மாநிலச் சங்கத்தின் மாவட்டங்கள் கல்வி மாவட்டங்களைப் பின்பற்றி அமைந்தவை. கல்வித் துறை எல்லையை மாற்றினால் சாரணர் மாவட்டமும் கூடவே மாறும், பெயர் மாறும், பழைய ரசீதுப் புத்தகம் ஒரு அலுவலகத்தில், பீரோ சாவி இன்னொரு அலுவலகத்தில். இதை வைத்துக்கொண்டு அமெரிக்கக்காரன் மாதிரி எது எதோடு இணைந்தது என்று கோடு போட்டு வரையச் சொன்னால் நான் ஓடிவிடுவேன்.

முகாமுக்கு வருவோம், எனக்குப் பிடித்த பகுதி. நான் அழைத்துப்போன முகாம்களில் முக்கால்வாசி இரண்டே வகை. ஒன்று, அரையாண்டு விடுமுறையிலோ ஜனவரிக்குப் பிறகோ ஏதாவது ஒரு பள்ளி மைதானம். இன்னொன்று, யாராவது பெற்றோருக்கோ அவருக்குத் தெரிந்தவருக்கோ சொந்தமான தோப்பு. செங்கல்பட்டு போகும் வழியில் ஒரு மாந்தோப்பு இருந்தது. பதினோரு வருடம் தொடர்ந்து போனோம். எந்த மரத்தில் எறும்பு, எந்தக் கிணற்றில் படி உடைந்தது என்று ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் எட்டாம் வகுப்புப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். மூங்கிலையும் கயிற்றையும் வைத்து அணிக்கு ஒரு கேட்ஜெட் செய்ய வேண்டும்: செருப்பு ஸ்டாண்டு, பாத்திர ஸ்டாண்டு, துணி காயப்போடும் கொடி. ஆணி அடிக்கக் கூடாது, எல்லாம் முடிச்சுதான். ராத்திரி கேம்ப் ஃபயர், அதில் எப்படியும் ஒரு அணி சினிமாப் பாட்டில் சாரண ஆசிரியரைக் கிண்டல் செய்து வார்த்தை மாற்றிப் பாடும். அந்தத் தோப்பு இப்போது மூன்று பிளாக் அடுக்குமாடிக் குடியிருப்பு. வாசலில் பெயர்ப்பலகை 'மேங்கோ' என்று ஏதோ ஆரம்பிக்கிறது, அந்த மட்டுக்கும் நேர்மை.

நவம்பரில் முகாம் போடாதே என்பது சென்னைச் சாரண ஆசிரியரின் முதல் பாடம், அதை நான் பட்டுத்தான் கற்றேன். ஆரம்ப காலத்தில் ஒரு முறை, மேலிடத்திலிருந்து தேதி குறித்து வந்துவிட்டது, மறுக்கத் தைரியம் இல்லை. ஒரு பள்ளி மைதானத்தில் எட்டுக் கூடாரம். முதல் நாள் நல்ல வெயில். இரண்டாம் நாள் ராத்திரி ஒன்றரை மணிக்குப் பிடித்த மழை, கூடாரத்தைச் சுற்றி நாங்கள் வெட்டிய வாய்க்கால் முழங்கால் ஆழக் குளமாகிவிட்டது. நாற்பது பையன்களையும் வகுப்பறைக்குள் தூக்கிக்கொண்டு ஓடினோம். காலையில் எண்ணினால் நாற்பத்தொன்று. வாட்ச்மேன் பையனும் உள்ளே படுத்துத் தூங்கியிருக்கிறான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதால் இன்றைக்குச் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன்.

நிரந்தர இடமே கிடையாதா என்றால், கொஞ்சம் உண்டு. அடையாறில் தியசாபிகல் சொசைட்டி நிலத்தில் பெசன்ட் பெயரிலேயே ஒரு சாரணர் முகாம் இடம் இருக்கிறது, நகரத்துக்குள் மரநிழலில் கூடாரம் அடிக்க அதைவிட நல்ல இடம் நான் பார்த்ததில்லை. கவனியுங்கள், அதுவும் சாரணர் சங்கம் காசு சேர்த்து வாங்கிய நிலம் கிடையாது, பெசன்ட்டின் வழியாக வந்தது. நாடு முழுக்க என்றால் மத்தியப் பிரதேசத்தில் பச்மரியில் இருக்கும் தேசியப் பயிற்சி மையம், 1956-லிருந்து நடக்கிறது. ஜாம்போரி மாதிரிப் பெரிய கூட்டங்கள் ஊர் ஊராக நகரும்: 1953-ல் ஐதராபாத், 2025 ஜனவரி கடைசியில் நம் மணப்பாறையில் வைரவிழா ஜாம்போரி. சிப்காட் இடத்தில் ஒரு வாரத்துக்கு ஒரு ஊரே முளைத்தது, அப்புறம் பந்தல் பிரித்தாகிவிட்டது.

இதனால்தான் நம்மூர் முகாமின் வரலாறு நிலத்தில் தங்கவில்லை. அது தங்கியது லாக் புக்கில். ஒவ்வொரு முகாமுக்கும் ஒரு நோட்டு உண்டு: யார் வந்தார்கள், காலையில் என்ன சமைத்தார்கள், எந்த அணிக்குக் கொடி, யாருக்குக் காய்ச்சல், வரவு செலவு எல்லாம் அதில் இருக்கும். அந்த நோட்டு சாரண ஆசிரியரின் மேஜை டிராயரில் இருக்கும். அவர் ஓய்வு பெற்றதும் புது ஆசிரியர் டிராயரைக் காலி செய்வார். அப்புறம் பழைய பேப்பர் கடைதான். நான் ஓய்வு பெற்றபோது என்னுடைய பத்தொன்பது நோட்டுகளை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன், விதிப்படி தப்பு, செய்ததில் வருத்தம் இல்லை.

உங்களுக்குத் தேட வேண்டும் என்றால் நான் இந்த வரிசையில் போவேன். முதலில் தாத்தா படித்த பள்ளியின் ஆண்டு மலர். பழைய பள்ளிகளில் சாரணர் அறிக்கை என்று அரைப் பக்கமாவது இருக்கும், குரூப் போட்டோவும் பெயர் வரிசையும் பெரும்பாலும் அங்கேதான். அடுத்து எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம்: கல்வித் துறையின் பழைய அரசாணைகளையும் ஆண்டறிக்கைகளையும் கேளுங்கள், 'சாரணர்' என்று மட்டும் தேடாமல் 'பாய் ஸ்கவுட்ஸ்', 'கைட்ஸ்' இரண்டையும் சொல்லுங்கள். பெசன்ட் காலம் என்றால் அடையாறு நூலகமும் அவர் நடத்திய நியூ இந்தியா பத்திரிகையும். கன்னிமாராவில் பழைய செய்தித்தாள்கள். இதில் ஆண்டு மலர் வழி மட்டும்தான் நான் நேரடியாகப் பலன் கண்டது, இரண்டு முறை. மற்றவை என் நண்பர்கள் போன வழி, பொறுமை வேண்டும்.

படம் பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது ஜோசியம். பேட்ஜின் முன்பக்கத்தோடு பின்பக்கத் தையலையும் தெளிவாகப் படம் எடுங்கள், கைத்தையலா மெஷின் தையலா என்று தெரிய வேண்டும். சான்றிதழில் கையெழுத்துக்குக் கீழே பதவி என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஜில்லா கமிஷனர் என்று இருக்கிறதா, மாவட்ட ஆணையர் என்று இருக்கிறதா? அந்த ஒரு வார்த்தையிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். கரையான் தின்ற மூலையை ஒட்டவோ லேமினேட் செய்யவோ வேண்டாம், அப்படியே ஒரு காகித உறைக்குள் போட்டு வையுங்கள்.